சொல்லும் விலையும் கேட்கும் விலையும்

இணையச் சந்தையில் விலை பேசும் முறை

பொருளை விற்பவர் ஒரு விலை சொல்வதும், வாங்குபவர் ஒரு விலை கேட்பதும், இரண்டுக்கும் நடுவே ஓரிடத்தில் வியாபாரம் முடிவதும் நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். மாட்டுச் சந்தைக்குச் சென்றவர்கள் இவ்வழக்கத்தின் நுட்பமான வடிவத்தைக் கண்டிருப்பார்கள். தரகரும் மாடு வாங்க வந்தவரும் கைகளின்மேல் ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். துண்டின் அடியில் விரல்களைப் பிடித்தே விலை பேசப்படும். எத்தொகை கேட்கப்பட்டது, எத்தொகை மறுக்கப்பட்டது என்பது சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாது. பேச்சு முறிந்தாலும் மாட்டின் மதிப்புக் குறையாது. அடுத்து வருபவரிடம் புதிதாகப் பேச்சைத் தொடங்கலாம்.

இன்று கைப்பேசியின் திரை அந்தத் துண்டின் இடத்தைப் பிடித்திருக்கிறது. பழைய தறிச் சாமான்கள், நீர் இறைக்கும் மோட்டார், மருந்து தெளிக்கும் கருவி, நூல், சாயம், சாக்கு முதலிய யாவும் இணையச் சந்தைகளில் விலைக்கு வருகின்றன. நம் அங்கத்தினர்களிலும் பலர் அங்கே வாங்குகிறார்கள். சிலர் தாம் நெய்த துணியை விற்கவும் செய்கிறார்கள். ஆனால் மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து வயதறியலாம். நடக்கவிட்டுக் கால் ஊனம் அறியலாம். இணையச் சந்தையில் பொருளைத் தொட இயலாது. எதிரில் இருப்பவரின் முகத்தையும் காண இயலாது. நேரில் பேசி இணங்கவைக்கும் நாவன்மைக்கு அங்கே வேலை குறைவு. அவ்விடத்தில் நமக்குத் துணையாவன இரண்டு: ஒன்று முன்கூட்டியே போட்ட கணக்கு, மற்றொன்று சொன்ன சொல்லில் நாணயம். இவ்விரண்டையும் எவ்வாறு கைக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விற்பவர் அறிவிக்கும் தொகையைச் 'சொல்லும் விலை' என்றும், வாங்குபவர் தர முன்வரும் தொகையைக் 'கேட்கும் விலை' என்றும், அதற்கு விற்பவர் பதிலாகக் கூறும் தொகையை 'மறுவிலை' என்றும் இக்கட்டுரையில் குறிப்பிடுவோம்.

சந்தையின் வகை அறிதல்

எல்லா இணையச் சந்தைகளிலும் விலை பேச முடியாது. கோ-ஆப்டெக்ஸ் விற்பனை நிலையத்தில் சீட்டில் எழுதிய விலைக்கு மேல் பேச்சில்லை என்பதை நாம் அறிவோம். அவ்வாறே பெரிய இணையக் கடைகள் பலவற்றிலும் குறித்த விலையே விலை. அங்கே பேரம் பேச முயல்வது வீண் வேலை.

விலை பேச இடம் தரும் சந்தைகளை மூவகையாகப் பிரிக்கலாம். முதல் வகைக்கு எடுத்துக்காட்டு ஈபே. 1995-ஆம் ஆண்டு அமெரிக்காவில் பியர் ஒமிட்யார் என்பவர் ஏலத் தளமாகத் தொடங்கிய இச்சந்தையில், விற்பவர் இசைந்தால் வாங்குபவர் தம் விலையை எழுத்து மூலம் கேட்கலாம். விற்பவர் அதை ஏற்கலாம், மறுக்கலாம், அல்லது மறுவிலை கூறலாம். கேட்ட விலை வழக்கமாக 48 மணி நேரம் உயிரோடிருக்கும். அதற்குள் பதில் வராவிடில் தானே காலாவதியாகிவிடும். விற்பவர் ஏற்றுக்கொண்டால் வாங்குபவர் பணம் கட்டியே ஆகவேண்டும் என்பது அச்சந்தையின் விதி. இந்தியாவுக்கென நடத்தப்பட்ட ஈபே தளம் 2018 ஆகஸ்டு மாதம் மூடப்பட்டது. எனினும் இந்நாட்டிலிருந்து அயல்நாட்டாருக்குச் சரக்கு விற்பவர்கள் இன்றும் ஈபேயில் இருக்கிறார்கள்.

இரண்டாவது வகை ஓஎல்எக்ஸ் போன்றது. பெரும்பாலும் பயன்படுத்திய பொருள்களைத் தனி மனிதர்கள் விற்கும் இடம் இது. செய்தி அனுப்பிப் பேசிக்கொள்ளலாம். பின்னர் நேரில் சந்தித்துப் பொருளைப் பார்த்துப் பணம் கொடுக்கலாம்.

மூன்றாவது வகை இந்தியாமார்ட் போன்றது. 1996-இல் தொடங்கிய இத்தளத்தில் உற்பத்தியாளர்களும் மொத்த வியாபாரிகளும் தங்கள் சரக்கை அறிவிக்கிறார்கள். அங்கே காணும் விலை பெரும்பாலும் பேச்சைத் தொடங்குவதற்கான விலையே. எவ்வளவு வேண்டும், எந்த ஊருக்கு வேண்டும் என்று விசாரித்த பிறகே உண்மையான விலை தெரியவரும்.

எவ்வகைச் சந்தையில் நிற்கிறோம் என்பதை அறியாமல் விலை கேட்பது, ஏலக் களத்தில் போய்ச் சில்லறை பேரம் பேசுவதற்கு ஒப்பாகும்.

விலை கேட்பதும் ஒரு வாக்கே

'கேட்டுத்தான் பார்ப்போமே, கொடுத்தால் யோசிக்கலாம்' என்ற எண்ணத்துடன் விலை கேட்பவர் பலர். இது சட்டத்துக்கும் பொருந்தாது, நாணயத்துக்கும் பொருந்தாது.

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஒருவர் முன்மொழிவதை மற்றவர் மாற்றமின்றி முழுமையாக ஏற்றால் அது உடன்பாடாகிறது என்பது அதன் அடிப்படை. தாளில் கையெழுத்து இல்லை, மின்னணு வழியில் நடந்தது என்ற ஒரே காரணத்தால் ஒப்பந்தம் செல்லாமற் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டமும் கூறுகிறது. முன்மொழிந்தவர், ஏற்புத் தெரிவிக்கப்படும் முன் தம் சொல்லைத் திரும்பப் பெறலாம். தெரிவிக்கப்பட்ட பின் திரும்பப் பெற இயலாது.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. 1840-ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ரெஞ்ச் என்பவர் தம் பண்ணை நிலத்தை 1,000 பவுனுக்குத் தருவதாக ஹைட் என்பவரிடம் கூறினார். ஹைட் 950 பவுன் கேட்டார். ரெஞ்ச் சில நாள் ஆலோசித்து அதை மறுத்துவிட்டார். உடனே ஹைட், 'சரி, நீர் சொன்ன 1,000 பவுனையே தருகிறேன்' என்றார். ரெஞ்ச் அதற்கும் இசையவில்லை. வழக்கு நீதிமன்றம் சென்றது. 950 பவுன் கேட்ட அக்கணமே 1,000 பவுன் என்ற முன்மொழிவு அழிந்துவிட்டது. பிறகு அதை ஏற்பதாகக் கூறி உயிர்ப்பிக்க முடியாது என்பது தீர்ப்பு. நம் நாட்டுச் சட்டமும் ஏற்பு மாற்றமற்றதாக இருக்கவேண்டும் என்றே கூறுகிறது.

இவ்வழக்கிலிருந்து அங்கத்தினர்கள் அறியவேண்டியது யாது? விற்பவர் உங்களுக்கென்று ஒரு விலை கூறி, அது உங்களுக்குக் கட்டுபடியாகும் விலையாகவும் இருந்தால், இன்னும் நூறு ரூபாய் குறையுமா என்று ஆசைப்பட்டு மறுவிலை கேட்கும்போது கையிலிருப்பதை விட்டுவிடுகிறீர்கள் என்பதை உணர்ந்தே கேட்கவேண்டும். விற்பவர் பழைய விலைக்குத் திரும்பி வரலாம். ஆனால் வரவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

கேட்கும் முன் கணக்கு

விலை கேட்பதற்கு முன் மூன்று தொகைகளைக் காகிதத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

முதல் தொகை, அப்பொருள் சந்தையில் உண்மையில் விலைபோகும் தொகை. இங்கே பலர் தவறுகிறார்கள். பத்துப் பேர் சொல்லும் விலையைப் பார்த்து, அதுவே சந்தை விலை என்று எண்ணிவிடுகிறார்கள். சொல்லும் விலை விற்பவரின் ஆசை; விற்ற விலையே சந்தையின் தீர்ப்பு. ஈபேயில் விற்று முடிந்த பொருள்களை மட்டும் தனியே பிரித்துப் பார்க்க வசதியுண்டு. மற்ற இடங்களில், ஓர் அறிவிப்பு எத்தனை நாளாக நிற்கிறது என்பதே நல்ல சான்று. இரண்டு மாதமாக விலைபோகாமல் நிற்கும் பொருளுக்கு அதன் உரிமையாளர் சொல்லும் விலை அதிகம் என்பதை வேறு யாரும் நமக்குச் சொல்லவேண்டியதில்லை. அக்கம்பக்கத்தில் அண்மையில் அதே பொருளை வாங்கியவரையும், பழுதுபார்க்கும் மெக்கானிக்கையும் விசாரித்தால் கணக்கு இன்னும் உறுதிப்படும்.

இரண்டாவது தொகை, பொருள் நம் வீட்டுக்கு வந்து வேலை செய்யத் தொடங்கும்வரை ஆகும் மற்றச் செலவு. வண்டிச் சத்தம், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, பழுதுபார்க்கும் செலவு, பார்க்கப் போய்வரும் பஸ் கட்டணம், அன்று நின்ற வேலையின் கூலி ஆகிய யாவும் இதில் அடங்கும். வியாபாரியிடம் வாங்கினால், சொல்லும் விலையில் ஜிஎஸ்டி வரி அடங்கியுள்ளதா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மூன்றாவது தொகை நம் உச்ச விலை. அதாவது இதற்குமேல் ஒரு ரூபாயும் தருவதில்லை என்று நமக்கு நாமே விதித்துக்கொள்ளும் எல்லை.

ஓர் உதாரணம் பார்ப்போம். நெசவாளர் ஒருவர் பழைய 240 கொக்கி ஜக்கார்டு பெட்டி ஒன்றை வாங்க எண்ணுகிறார். விற்பவர் சொல்லும் விலை ரூ. 15,000. நல்ல நிலையில் தம் தறியில் ஏறினால் அப்பெட்டி தமக்கு ரூ. 15,000 பெறும் என்று நெசவாளரும் மதிப்பிடுகிறார். உடனே விலை சரிதான் என்று முடிவு செய்யலாமா? வண்டிச் சத்தம் ரூ. 1,200; ஊசி, ஸ்பிரிங் மாற்ற ரூ. 1,800, போய்வரும் செலவு ரூ. 500. ஆகக் கூடுதல் செலவு ரூ. 3,500. இதைக் கழித்தால் அவருடைய உச்ச விலை ரூ. 11,500 மட்டுமே. இத்தொகையை எழுதி வைக்காமல் பேச்சில் இறங்கினால், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டோம், இன்னும் ஐந்நூறுதானே' என்ற நினைப்பில் கை நழுவிவிடும்.

முதலில் எவ்வளவு கேட்பது?

இதைப் பற்றி நான்கு பொருளாதார அறிஞர்கள் பெரும் ஆராய்ச்சி செய்து 2020-ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். பாக்கஸ், பிளேக், லார்சன், டடேலிஸ் என்னும் அவர்கள் ஆராய்ந்தது ஈபேயில் 2.5 கோடிக்கும் மேற்பட்ட விற்பனை அறிவிப்புகள். அவர்கள் கண்டவற்றுள் இரண்டு செய்திகள் நமக்குப் பயன்படும். ஒருவர் சிறிது இறங்கினால் மற்றவரும் சிறிது இறங்குவது பெருவழக்கம். கடைசியாகச் சொன்ன இரு தொகைகளுக்கு நடுவே பாதிக்குப் பாதி பிளந்து கேட்கும் விலை, ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம். நம் ஊர்ச் சந்தையில் தரகர், 'உனக்கும் வேண்டாம், அவருக்கும் வேண்டாம், நடுவே முடித்துக்கொள்ளுங்கள்' என்று கூறுவதை அந்த ஆராய்ச்சி கோடிக்கணக்கான எடுத்துக்காட்டுகளால் உறுதிப்படுத்துகிறது.

நடுவே முடியும் வாய்ப்பு மிகுதி என்றால், நம் முதல் விலையே அந்த நடுவிடத்தை நிர்ணயிக்கிறது. மேற்சொன்ன நெசவாளர் முதலிலேயே தம் உச்ச விலையான ரூ. 11,500 கேட்டுவிட்டால், விற்பவர் ரூ. 13,500 என்று மறுவிலை கூறும்போது நடுத்தொகை ரூ. 12,500 ஆகும், அது அவருக்குக் கட்டாது. ரூ. 10,000 கேட்டு, விற்பவர் ரூ. 13,000 என்று இறங்கினால், நடுத்தொகை சரியாக ரூ. 11,500. அவருடைய எல்லைக்குள் வியாபாரம் முடிகிறது.

அப்படியானால் ரூ. 5,000 கேட்டால் இன்னும் நன்றல்லவா என்று சிலர் எண்ணலாம். அது பலிப்பது அரிது. மூன்றில் ஒரு பங்கு விலை கேட்பவர் வாங்க வந்தவரா, வேடிக்கை பார்க்க வந்தவரா என்ற ஐயம் விற்பவருக்கு எழும். அவர் பதிலே எழுதமாட்டார். ஈபேயில் குறிப்பிட்ட தொகைக்குக் கீழ் வரும் கேள்விகளை விற்பவரின் கண்ணில் படாமலே தானாக மறுக்கச் செய்யும் ஏற்பாடும் உண்டு. நேருக்கு நேர் நிற்கும்போது குறைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்துச் சமாளிக்கலாம். எழுத்தில் சிரிப்புத் தெரியாது.

ஆதலால் முதல் விலை, காரணம் காட்டத்தக்க விலையாக இருக்கவேண்டும். 'ஏன் இவ்வளவு?' என்று விற்பவர் வினவினால் ஒரே வாக்கியத்தில் விடை கூற இயலாத தொகையைக் கேட்கலாகாது.

எழுதும் முறை

'கடைசி விலை என்ன?' என்ற மூன்று சொல்லும் கேள்விக்குறியும் மட்டும் அனுப்புவது இன்று பரவலான பழக்கம். அதைப் பெறுபவருக்கு நாம் யார், எப்போது வாங்குவோம், பணம் உண்டா என்று ஒன்றும் தெரியாது. அவர் சொன்ன விலையையே திரும்பச் சொல்வார், அல்லது பேசாதிருப்பார். கீழ்க்கண்டவாறு எழுதுவது மேல்:

'ஐயா, வணக்கம். தாங்கள் அறிவித்துள்ள ஜக்கார்டு பெட்டியின் படங்களைப் பார்த்தேன். சில ஊசிகளும் ஸ்பிரிங்குகளும் மாற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறது. வண்டிச் சத்தமும் என்னைச் சேர்ந்தது. இவற்றைக் கணக்கிட்டு ரூ. 10,000 கேட்கிறேன். நேரில் பார்க்கும்போது பெட்டி அறிவிப்பில் கண்டபடி இருந்தால், வரும் ஞாயிறன்று முழுத் தொகையும் கொடுத்து எடுத்துக்கொள்கிறேன். சனிக்கிழமை மாலைவரை தங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.'

இக்கடிதத்தில் தொகை உண்டு, அதற்குக் காரணம் உண்டு, நிபந்தனை உண்டு, கெடுவும் உண்டு. பொருளை இகழும் சொல் ஒன்றும் இல்லை. குறை கூறித்தான் விலையைக் குறைக்கவேண்டும் என்பது பழைய தவறு. தம் பொருளை மட்டமென்று கூறியவருக்கு மனமுவந்து விலை குறைப்பவர் எவர்? 'வேறொருவர் இதைவிடக் குறைத்துத் தருகிறார்' என்று பொய் கூறுவதும் ஆகாது. உண்மையில் வேறொருவர் விலை கூறியிருந்தால் அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

மறுவிலை வந்த பிறகு

கேட்ட விலைக்குப் பதில் வருமுன் தாமே அதை உயர்த்திக் கேட்பது கூடாது. அது தம் விலைக்கு எதிராகத் தாமே ஏலம் கூறுவதாகும். மறுவிலை வந்த பிறகு ஏறுவதாயின் படிப்படியாக, ஒவ்வொரு படியும் முன்னதைவிடச் சிறியதாக ஏறவேண்டும். எல்லை நெருங்குகிறது என்பதை அதுவே எதிரில் இருப்பவருக்கு உணர்த்தும்.

விலையில் இடைவெளி குறையாதபோது விலையல்லாதவற்றைப் பேசலாம். ஜக்கார்டுடன் பழைய அட்டைகளையும் சேர்த்துத் தருவாரா? மோட்டாருடன் ஸ்டார்ட்டரும் வயரும் வருமா? விற்பவரின் வண்டியிலேயே கொண்டுவந்து இறக்கித் தருவாரா? பணத்தை இரண்டு தவணையாகக் கொடுக்க இசைவாரா? அவருக்குச் சிறிதாகவும் நமக்குப் பெரிதாகவும் உள்ள வசதிகள் பல உண்டு. இவற்றால் முடிந்த வியாபாரங்கள் ஏராளம்.

எதுவும் பலிக்கவில்லையெனில், எழுதிவைத்த உச்ச விலையில் நின்றுவிட வேண்டும். 'தங்கள் விலை எனக்குக் கட்டவில்லை. என் விலை இதுவே. பின்னர் இசைவாயின் தெரிவியுங்கள்' என்று மரியாதையாக எழுதி விலகலாம். சில வாரம் விலைபோகாமல் நின்ற பிறகு விற்பவரே திரும்பி வருவதுண்டு. வராவிடினும் நம் முதல் நம்மிடமே இருக்கிறது.

விற்பவர் நிலையில் நிற்கும்போது

அங்கத்தினர்கள் வாங்குபவர்கள் மட்டுமல்லர். தாம் நெய்த சேலைக்கு வெளியூரார் விலை கேட்கும்போது என்ன செய்வது?

முதலில் அடிவிலையை அறியவேண்டும். உதாரணமாக, ஒரு சேலைக்கு நூல், பட்டு, சரிகை ஆகியவற்றின் செலவு ரூ. 4,000 என்றும், நெய்ய ஆன பத்து நாளுக்கு நாளொன்றுக்கு ரூ. 600 வீதம் கூலி ரூ. 6,000 என்றும், கட்டுமானம், தபால், சந்தைக் கட்டணம் ஆகியவை ரூ. 1,000 என்றும் கொள்வோம். அடிவிலை ரூ. 11,000. ஒருவர் ரூ. 8,000 கேட்கிறார். 'ரூ. 3,000 தானே குறைகிறது, கால் பங்குக்குச் சற்று மேல்தானே' என்று தோன்றலாம். ஆனால் அந்த ரூ. 3,000 எங்கிருந்து குறைகிறது என்று பாருங்கள். நூல் வியாபாரி விலையைக் குறைக்கவில்லை. தபால் நிலையமும் குறைக்கவில்லை. முழுத் தொகையும் கூலியிலிருந்தே போகிறது. நாளொன்றுக்கு ரூ. 600 என்பது ரூ. 300 ஆகிவிடுகிறது. விலையில் கால் பங்குக்குச் சற்று மேல் குறைந்தபோது கூலியில் பாதி போய்விட்டது. கைத்தொழில் செய்வோர் விலை குறைக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு நடக்கிறது. அதை அறிந்தும் குறைப்பது வேறு. அறியாமல் குறைப்பது வேறு.

ஆகவே சொல்லும் விலையை அடிவிலைக்குச் சற்று மேலே வைத்து, இறங்குவதற்கு இடம் விடவேண்டும். குறைத்துக் கேட்டவரிடம் சினங்கொள்ளாமல் மறுவிலை எழுதவேண்டும். 'நெய்ய ஆன நாள் பத்து. இவ்விலைக்குக் கீழ் இயலாது' என்று காரணமும் சேர்த்து எழுதலாம். சேலை நெய்ய எத்தனை நாளாகும் என்று அறியாமலே பலர் விலை கேட்கிறார்கள்.

சொல்லும் விலையின் எண்ணும் பேசும். 2019-இல் வெளிவந்த மற்றோர் ஆராய்ச்சியில், ஈபேயில் 100 டாலரின் மடங்குகளாக முழு எண்ணில் விலை சொன்னவர்களுக்குக் குறைந்த விலைகளே கேட்கப்பட்டன. ஆனால் பொருள் விலைபோகும் வாய்ப்புக் கூடியது. முழு எண், 'எப்படியேனும் விற்றுவிடவேண்டும்' என்ற செய்தியைத் தருகிறது. விரைவில் பணம் வேண்டுபவர் முழு எண் சொல்லலாம். காத்திருக்கக் கூடியவர் ரூ. 12,000 என்பதற்குப் பதில் ரூ. 12,340 என்று கணக்கிட்ட தொகையைச் சொல்லலாம்.

இந்தக் கணக்கை மனத்தில் கொண்டு, நாம் வாங்குபவர் நிலைக்குத் திரும்பிப் பார்த்தால் ஒன்று விளங்கும். பழைய ஜக்கார்டை விற்பவர் பெரும்பாலும் தறியை நிறுத்திய மற்றொரு நெசவாளராகவே இருப்பார். நம் சேலைக்கு நாம் எதிர்பார்க்கும் நியாயத்தை அவருடைய பெட்டிக்கும் அளிப்பது முறை.

ஏமாறாமல் இருக்க

விலை படிந்த மகிழ்ச்சியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மிக மலிவான விலையைக் கேள்வியே இன்றி ஒப்புக்கொண்டு, 'முன்பணம் உடனே அனுப்புங்கள்' என்று அவசரப்படுத்துபவரிடம் எச்சரிக்கை வேண்டும். பொருளைப் பார்க்குமுன் பணம் அனுப்பலாகாது.

நாம் விற்கும்போது மற்றொரு சூழ்ச்சி நடக்கிறது. வாங்குபவராக நடிப்பவர் சொன்ன விலைக்கே இசைந்து, 'பணம் பெற்றுக்கொள்ள இந்தக் கட்டத்தை ஸ்கேன் செய்து இரகசிய எண்ணைப் போடுங்கள்' என்று கியூஆர் படம் ஒன்றை அனுப்புவார். பணம் பெறுவதற்கு இரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை. அது பணம் கொடுப்பதற்கு மட்டுமே வேண்டும். இதை வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும். பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் புகார் கூறவேண்டும்.

மொத்த வியாபாரியிடம் வாங்குமுன் அவருடைய ஜிஎஸ்டி பதிவு எண்ணைக் கேட்டு, அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். எண்ணுக்குரிய பெயரும், பணம் செலுத்தச் சொல்லும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும்.

2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வியாபாரத்துக்காக வாங்குபவரைப் பொதுவாக நுகர்வோராகக் கருதுவதில்லை. ஆனால் சொந்த உழைப்பால் பிழைப்பு நடத்துவதற்கென்றே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருளுக்கு அச்சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. தம் தறிக்குக் கருவி வாங்கும் நெசவாளரும், தம் வயலுக்கு மோட்டார் வாங்கும் விவசாயியும் வியாபாரி ஏமாற்றினால் முறையிடலாம். நுகர்வோர் உதவி எண் 1915. தனி மனிதர் ஒருவர் தாம் பயன்படுத்திய பொருளை எப்போதோ ஒருமுறை விற்றால், 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் அவரைக் கட்டுப்படுத்துவதில்லை. அத்தகையவரிடம் வாங்கும்போது நம் கண்ணும் கையுமே நமக்குப் பாதுகாப்பு. மோட்டாரை ஓடவிட்டுப் பார்க்கவேண்டும். காயில் மாற்றிக் கட்டியதா என்று தெரிந்தவரைக் கொண்டு அறியவேண்டும்.

சேர்ந்து கேட்பதன் வலிமை

இறுதியாக ஒன்று. ஒரு நெசவாளர் ஐந்து கிலோ சாயத்துக்கு விலை கேட்டால் மொத்த வியாபாரி பதில் எழுதுவதே அரிது. இருபது பேர் தங்கள் தேவையைச் சேர்த்து நூறு கிலோவுக்கு ஒரே கடிதம் எழுதினால், அதே வியாபாரி மாதிரிச் சாயம் அனுப்பவும் முன்வருவார். லாரி வாடகையும் இருபது பங்காகப் பிரியும். நூலாயின் எத்தனையாம் நம்பர், சிட்டமா கோனா, கட்டின் நிகர எடை என்ன, வரி உட்பட்டதா, எந்த ஊரில் ஒப்படைப்பு, பணம் கொடுக்க எத்தனை நாள் கெடு என்பனவற்றை ஒரே மாதிரியாக மூன்று வியாபாரிகளுக்கு எழுதி, பதில்களை ஒரே தாளில் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். மலிவாகத் தோன்றிய விலை, எடையிலும் வாடகையிலும் உயர்ந்துவிடுவது அப்போது புலப்படும். அரசுத் துறைகள் கொள்முதல் செய்வதற்கென 2016-இல் தொடங்கிய ஜெம் என்னும் அரசு மின்சந்தையில், கூட்டுறவுச் சங்கங்களும் வாங்குவோராகச் சேர 2022 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை அனுமதி அளித்தது. சங்க நிர்வாகிகள் இவ்வாய்ப்பையும் ஆராய்ந்து பார்க்கலாம்.

விலை பேசுவது தந்திரம் என்று நினைப்பவர்கள் உண்டு. தந்திரத்தால் ஒருமுறை இலாபம் பெறலாம். அதே மனிதரிடம் மறுமுறை போய் நிற்க முடியாது. இணையச் சந்தையிலோ முன்பு நம்மோடு வியாபாரம் செய்தவர்கள் எழுதும் மதிப்புரை நம் பெயருக்குக் கீழேயே நிற்கிறது. விலை கேட்குமுன் கணக்குப் போடுங்கள். கேட்டபின் சொல்லைக் காப்பாற்றுங்கள். எல்லை வந்தால் மரியாதையோடு விலகுங்கள். உங்கள் உழைப்பின் விலையைப் பிறர் கேட்கும்போதும் இதே கணக்கைக் கையில் வைத்திருங்கள்.